ஒற்றைச் சக்கரமும் பாதி மீசையும்

அந்துவான், என் மீசையைப் பாரிஸ் மோஸ்தருக்காக எடுத்துவிட்டேன் என்று சைகோன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேனே, அது பொய். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ இதைப் படிக்கும்போது என் மொட்டை உதட்டை நினைத்துச் சிரித்துக்கொண்டே மீதியைத் தாண்டிப் போய்விடுவாய். நடந்தது இவ்வளவுதான். நாவிதர் என் மீசையின் இடது நுனியைச் சீராக்கக் கத்தியை வைத்த அதே நேரத்தில் நான் நாற்காலியிலிருந்து குதித்தேன். கத்தி இருந்த இடத்திலேயே இருந்தது. மீசைதான் நகர்ந்தது. அந்தப் பாதி மீசையோடும், ஒரு கன்னத்துச் சோப்பு நுரையோடும், கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணியோடும் உன் தகப்பன் கத்தினா வீதியின் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றதை, காப்பிக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த துரைமார்களும் துரைசானிகளும் பார்த்தார்கள். ஒரு துரைசானி தன் மடியிலிருந்த நாய்க்குட்டியின் கண்ணைப் பொத்தினாள் என்று கேள்வி. மறுநாள் சுங்க அலுவலகத்தில் என் மேலதிகாரி, "முசியே, மீசை எங்கே?" என்றார். "பாரிஸில் இப்போது யாரும் வைத்துக்கொள்வதில்லை" என்றேன். பாரிஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அறியாத நான் சொன்னதை, மார்செய்யில் பிறந்த அந்த மனிதர் நம்பிவிட்டார். அந்த வாரமே அவர் மீசை போயிற்று. அதற்கடுத்த வாரம் நம் காரைக்கால்காரர்கள் இரண்டு பேர் மழித்த உதட்டோடு வேலைக்கு வந்து, ஒருவரையொருவர் பார்த்து வெட்கப்பட்டார்கள். இப்படி ஒரு பொய்க்குப் பல மீசைகள் பலியாகிவிட்டன. அத்தனைக்கும் காரணம் நீ ஓட்டிய அந்த ஒற்றைச் சக்கரம்.

இதை ஏன் பத்திரிகையில் போடுகிறேன் என்று நீ பல்லைக் கடிப்பாய். கடிக்க முன்பல் இல்லை, இருந்தாலும் முயற்சி செய்வாய். நான் எழுதிய கடிதங்களை நீ பிரிக்காமலே திருப்பி அனுப்புகிறாய். உன் அம்மா கொடுத்தனுப்பும் மீன் குழம்பை மட்டும் திருப்பி அனுப்புவதில்லை. பாத்திரத்தைத்தான் அனுப்புகிறாய், அதையும் கழுவாமல். ஆகவே நம்மவர் சங்கத்து மாதப் பத்திரிகையில், வழக்கமாகக் கொசுவையும் மேலதிகாரியையும் பற்றி நான் கேலி எழுதும் இந்தப் பக்கத்தை, இந்த மாதம் உனக்கென்று ஒதுக்கிவிட்டேன். ஜவுளிக்கடைக்காரர் படிப்பார். பால்காரர் படிப்பார். கோயில் தெரு செட்டியார்கள் ஒருவர் படிக்க ஒன்பது பேர் கேட்பார்கள். அத்தனை பேரும், என்னோடு கோபித்துக்கொண்டு நீ ஒண்டியிருக்கும் அந்தத் தாக்காவ் பேட்டைச் சைக்கிள் பட்டறை வாசலில் நின்று உனக்கு உரக்கப் படித்துக் காட்டுவார்கள். காதைப் பொத்திக்கொள்ளவும் உனக்கு ஒரு கைதான் இருக்கிறது. இன்னொன்று மாவுக்கட்டில் இருக்கிறது. ஆமாம், இது பழிவாங்கல்தான். வரப்போகிற பிரெஞ்சு ஜூலைப் பண்டிகையன்று, அதே கத்தினா வீதியில், மேலே மாதா கோயிலிலிருந்து கீழே ஆற்றங்கரை வரைக்கும், அதே சக்கரத்தில், அந்த ஒற்றைக் கையோடு மறுபடி இறங்கப்போவதாக நீ சொல்லிக்கொண்டிருக்கிறாய். பண்டிகைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ விழுந்ததில் தள்ளிப்போன உன் கலியாண ஓலையைச் சாமியார் மூன்றாம் முறையாகக் கோயிலில் வாசிக்க வேண்டும். நீ அந்த வீதியில் இறங்கக் கூடாது. அதற்குத்தான் எழுதுகிறேன், மற்றதெல்லாம் என் வாய்க்கொழுப்பு.

அந்தச் சனியன் நம் வீட்டுக்குள் வந்தபோது குட்டியாகத்தான் வந்தது. ஊருக்கு வந்த சர்க்கஸ் கூடாரத்தில் ஒருவன் ஒற்றைச் சக்கரத்தில் ஏறி, ஒரு கையில் குடையும் மறு கையில் தேநீர்க் கோப்பையுமாக வட்டம் போட்டான். நீ அன்று இரவு சாப்பிடவில்லை. அந்த மாதத்துக்குள் உன் சினேகிதன் லேயோன், சைக்கிள் பட்டறையில் கிடந்த ஒரு சக்கரத்துக்கு மிதியும் மேலே ஒரு ஆசனமும் வைத்துக் கொடுத்துவிட்டான். நீ பின்கட்டில் தண்ணீர்ச் சாடிகளைச் சுற்றிச் சுற்றிப் பழகினாய். ஓட்டியதைவிட விழுந்ததே அதிகம். ஆனால் விழுந்த ஒவ்வொரு முறையும் பூனை மாதிரி இரண்டு காலில் நின்றாய். நான் என்ன செய்தேன்? கை தட்டினேன். அலுவலகத்துக்காரர்களை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து, பையன் ஓட்டுவதைப் பாருங்கள் என்று நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். உன் அம்மா மட்டும் காயப்போட்ட கருவாட்டுக்குக் காவலாக நின்றுகொண்டு, "கை தட்டினா வேகமாப் போவான். கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள். அவள் இந்த மண்ணில் பிறந்தவள், என்னைக் கட்டிக்கொண்டு காரைக்கால் தமிழ் கற்றவள். அந்தத் தமிழில் அவள் சொல்லும் எதையும் நான் அந்தச் சமயத்தில் கேட்டதில்லை. அவள் சொல்வது சரியாகிவிட்ட பிறகு கேட்பேன்.

பிறகு அந்தப் பெரிய சக்கரம் வந்தது. ஓய்வுபெற்றுத் தாய்நாடு திரும்பிய ஒரு துரையின் வண்டிக் கொட்டகையில் கிடந்ததாம். முன்னால் ஆள் மார்பளவு ஒரு சக்கரமும், பின்னால் தோசைக்கல் அளவு ஒரு சக்கரமுமாக இருந்த பழைய காலத்து வண்டி. லேயோன் பின் சக்கரத்தை அறுத்து எறிந்துவிட்டான். முன்னால் இருந்த கைப்பிடியையும் அறுத்தான். இத்தனையையும் அறுத்துவிட்டு, "எடை குறைஞ்சிடுச்சு மாமா" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னான்.

"இது என்னடா, சக்கரமா, ராட்டினமா?" என்றேன்.

"சக்கரம் பெருசானா ஒரு மிதிக்கு இரண்டு பங்கு தூரம் போவும் மாமா. சாதாரணக் கணக்கு."

"விழுந்தா?"

"விழறவன் ஏறக்கூடாது மாமா."

கேட்டாயா? இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவன் காதைத் திருகியிருக்க வேண்டும். நான் சிரித்துவிட்டேன். நல்ல வாக்கியம் எதைக் கேட்டாலும் சிரித்துவிடுவது என் வியாதி. நீயோ சிரிக்கவில்லை, அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாய்.

இப்போது நான் சிரிக்காமல் சொல்வதைக் கேள். மாவுக்கட்டுப் போட்ட வைத்தியரிடமும், சைக்கிள் பந்தயத்தில் ஓடிப் பல எலும்பு முறித்தவர்களிடமும் கேட்டுக் கேட்டு, இந்த வயதில் நான் ஒற்றைச் சக்கர சாஸ்திரத்தில் பண்டிதனாகிவிட்டேன். சைக்கிளில் காலை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தாலும் அது உருளும். உன் சக்கரத்தில் மிதி அச்சோடு பிணைந்திருக்கிறது. சக்கரம் சுற்றும் வரைக்கும் உன் கால் சுற்றியே ஆகவேண்டும். சமதரையில் நீ அதை ஓட்டுகிறாய். இறக்கத்தில் அது உன்னை ஓட்டுகிறது. உன் கால் அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஒரு சுற்றுத் தவறினால், மிதி உன் குதிகாலை இடித்து உன்னை ஆசனத்திலிருந்து கழற்றிவிடும். பிரேக் கிடையாது. பின்னுக்கு அழுத்தி மிதித்து மெதுவாக்கலாம் என்பாய். மெதுவாகப் போகும்போது மெதுவாக்கலாம், யார் இல்லையென்றது? வேகமாகப் போகும்போது பின்னுக்கு அழுத்தினால் சக்கரம் நிற்கும், நீ நிற்கமாட்டாய். உனக்கு முன்னால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, பின்னால் தாங்கிக்கொள்ள ஒன்றும் இல்லை. சைக்கிள்காரன் விழுந்தால் சைக்கிளோடு விழுகிறான். நீ மட்டும் தனியாகப் பறக்கிறாய்.

இன்னும் இருக்கிறது. குட்டிச் சக்கரத்தில் நீ ஏன் பூனை மாதிரி நின்றாய் என்று எப்போதாவது யோசித்தாயா? உன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். மனிதன் ஓடக்கூடிய வேகத்துக்குள் நீ போய்க்கொண்டிருந்தாய், அதனால்தான். விழும்போது காலைத் தரையில் வைத்து நாலு எட்டு ஓடினால் தப்பிவிடலாம். அந்த வேகத்தைத் தாண்டிவிட்டால் கால் தரையைத் தொட்டதும் உடம்பு காலை அங்கேயே விட்டுவிட்டு முன்னே போய்விடுகிறது. பிறகு கையை நீட்டுவாய். எல்லோரும் நீட்டுவார்கள், அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. மணிக்கட்டு முறியும். கை நீட்ட நேரமில்லாதவனுக்கு மோவாய் முறியும். மோவாயும் தப்பியவனுக்குத் தலை. இதில் ஓட்டத் தெரிந்தவன், தெரியாதவன் என்ற பாகுபாடே இல்லை. நன்றாக ஓட்டத் தெரிந்தவன்தான் அந்த வேகத்துக்கே போக முடியும், ஆகவே அவன்தான் மோசமாக விழுவான். உன் திறமையைப் பற்றி நான் சொல்லக்கூடிய ஒரே பாராட்டு இது. கத்தரித்து வைத்துக்கொள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். நீ ஊரெல்லாம் வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். நான் உள்ளபடி எழுதுகிறேன். பூசை முடிந்து நான் சவரத்துக்குப் போனேன். நம் நாவிதர் பாயை இந்தப் பத்திரிகை வாசகர்கள் எல்லோருக்கும் தெரியும். கத்தினா வீதியில் பள்ளிவாசல் தெரு வந்து சேரும் முனையில், புளியமரத்தில் ஆணியடித்துக் கண்ணாடி மாட்டி, கீழே ஒரு நாற்காலி போட்டிருப்பவர். பாய் என்றால் இந்த மண்ணின் அன்னாமி மொழியில் ஏழு. அவர் வீட்டில் ஆறாவது பிள்ளை. தலைப்பிள்ளையை இரண்டு என்று எண்ணத் தொடங்குகிற ஊர் இது. பள்ளிவாசல் பக்கம் இருப்பதாலும் பெயர் பாய் என்பதாலும் நம்மவர்களில் பாதிப்பேர் அவரை முஸ்லிம் என்று நினைத்து சலாம் போடுகிறார்கள். அவரும் பதிலுக்கு சலாம் போடுகிறார். இப்படி ஒருவரை ஒருவர் அரைகுறையாகப் புரிந்துகொண்டு சுகமாக வாழ்ந்துகொண்டிருந்த மூலைதான் அது.

மேலே கோயில் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. நீ பெரிய சக்கரத்திலும் லேயோன் சைக்கிளிலும் போட்டி போட்டுக்கொண்டு இறங்கினீர்கள். முதல் நாள் மழையில் உதிர்ந்த புளிய இலை தெருவெல்லாம் ஒட்டிக் கிடந்தது. அதில் நடந்தாலே வழுக்கும். ரிக்‌ஷாக்காரர்கள் ஒதுங்கி நின்று கத்தினார்கள். என் முகத்துக்கு நேரே கத்தியோடு நின்ற பாய், தெருவைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் வாய் பிளந்து, "தாங், தாங்" என்று அலறினார். நான் தலையைத் திருப்பினேன். அந்துவான், உன்னை நான் பார்த்தேன். உன் முழங்கால் இரண்டும் தையல் மிஷின் ஊசி மாதிரி ஏறி இறங்கின. உன் கைகள் காற்றில் எதையோ தேடின. உதடு வெளுத்து முகத்தில் ரத்தமே இல்லை. என் மகன் முகத்தில் அப்படி ஒரு பயத்தை, உனக்கு டைபாய்டு வந்த வருஷத்தில்கூட நான் பார்த்ததில்லை. என் பக்கத்தில் ஒருவர், தாங்கு, தாங்கு என்று தமிழில் கதறுகிறார். நான் என்ன செய்வேன்? குதித்தேன். தாங்கிப் பிடிக்கக் கையை விரித்துக்கொண்டு தெருவின் நடுவில் நின்றேன். என்னைப் பார்த்ததும் நீ சக்கரத்தைப் பக்கமாக ஒடித்துத் திருப்பினாய். சக்கரம் நடைபாதையின் கல் விளிம்பில் மோதி அங்கேயே நின்றது. நீ நிற்கவில்லை.

பல் இரண்டு, மணிக்கட்டு ஒன்று, முழங்கை முழுக்கத் தோல். நாவிதரின் வெள்ளைத் துணியால்தான் உன் வாயைத் துடைத்தேன். அந்தத் துணியில் பாதி என் சோப்பு, பாதி உன் ரத்தம். லேயோன் சைக்கிளில் பிரேக் பிடித்து, ஒரு காலை ஊன்றி நிதானமாக நின்று, "முசியே, நல்லாத்தானே வந்தான்" என்றான். பதற்றத்தில் எனக்கு மாமா பதவிகூடப் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் நீ வாயில் பஞ்சோடு பேசியதை நான் மறக்கவில்லை.

"ஏம்பா குறுக்க வந்தீங்க? எல்லாரும் தாங் தாங்னு கத்துனாங்க. ஜெயிச்சிட்டிருந்தேன்."

"ஜெயிக்கலடா. பயந்து செத்துக்கிட்டிருந்தே."

"யாரு சொன்னது? சிரிச்சிட்டிருந்தேன்பா."

"நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன். உன் மூஞ்சியில சிரிப்பா இருந்துச்சு?"

"சிரிப்புதான். கீழே வளைவுல மெதுவாக்கறதா இருந்தேன். நீங்க வராம இருந்திருந்தா ஆத்தங்கரையில நின்னிருப்பேன்."

"ஆத்தங்கரையில இல்ல. ஆத்துல."

நர்ஸ் கன்னியாஸ்திரீ வந்து என்னை வெளியே அனுப்பினாள். நோயாளியை விட்டுவிட்டு, பாதி மீசைக்காரனைத்தான் அந்த அம்மாள் பயத்தோடு பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், பாய்க்கு இவ்வளவு நல்ல தமிழ் எப்படி வந்தது என்று கேட்டேன். அவள் உப்பு போட்டுக் கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அவரு எங்க தமிழ் பேசினாரு? தாங்னா பிரேக் புடினு அர்த்தம். வண்டிக்காரங்க எல்லாம் சொல்வாங்களே."

"அப்போ அந்துவான் ஜெயிக்கிறதுன்னு சொல்றானே?"

"அதுவும் தாங்தான். ஜெயிக்கிறதும் தாங், நிறுத்துறதும் தாங். கேக்கறவனுக்கு எது புடிக்குதோ அதை எடுத்துக்கறான்." மறுபடி உப்பைத் தூவிக்கொண்டே, "நீங்க ரெண்டு பேரும் புத்திசாலிங்க. நிறுத்துறதை யாருமே எடுத்துக்கல" என்றாள்.

இத்தனை வருஷம் இந்த ஊர் அரிசியைத் தின்றும் என் அன்னாமி மொழி மீன்கடையைத் தாண்டவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மீன்கடையிலும் மீன்காரிதான் பேசுவாள், நான் தலையாட்டுவேன். ஆகவே நான் தவறாகக் கேட்டதற்கு ஒரு மன்னிப்பு இருக்கிறது. நீ அந்த மொழியைத் தாய்ப்பாலோடு குடித்தவன். கத்தியவர்களில் எவன் ஜெயி என்றான், எவன் நிறுத்து என்றான் என்று பிரிக்க உனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வேகமாகப் போகிறவன் காதில் எந்தச் சொல்லும் புகழ்ச்சியாகத்தான் விழும். அதுதான் என் கோபம். சக்கரத்தில் பிரேக் இல்லாததுகூட இரண்டாம் பட்சம், அதை எந்தக் கொல்லனும் ஒருநாள் செய்து மாட்டிவிடுவான். உன் தலைக்குள் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தத்தை மட்டும் வைத்திருக்கிறாயே, அதை எந்தக் கொல்லனிடம் கொண்டுபோவேன்?

உன் மாமனார் ஆகப்போகிறவர் அடுத்த நாளே வந்தார். சிறைச்சாலையில் வேலை பார்த்துப் பார்த்து, யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஜன்னல் கம்பியைத் தட்டிப் பார்க்கிற மனிதர். தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்து, "மாப்பிள்ளைக்கு இன்னும் எத்தனை பல்லு மிச்சம் இருக்கு? ஓலையை ரெண்டு தடவைதான் படிச்சிருக்காங்க. மூணாவதுக்குள்ள யாராவது ஆட்சேபனை சொல்லலாம்னு சாமியார் கேக்கறாரே, நானே எழுந்து நிக்கலாமானு யோசிக்கிறேன்" என்றார். நான் அந்த வீட்டில் ஏற்கனவே கெட்ட பெயர் எடுத்தவன். பெண் பார்க்கப் போன அன்று, சம்பந்தி வீட்டில் இளமையாகத் தெரிய வேண்டும் என்று மூக்குக் கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், கலியாணப் பெண் செசீலியை விட்டுவிட்டு அவள் அத்தையைப் பார்த்து, "பொண்ணு அடக்கமா இருக்கு, எங்களுக்கு முழுச் சம்மதம்" என்று சொன்னவன். அந்த அம்மாளுக்கு என் வயது. இன்றைக்கும் கோயிலில் என்னைக் கண்டால் முக்காட்டைச் சரிசெய்துகொள்கிறார்கள். அப்படிப்பட்ட நான் இவரிடம் என்ன நியாயம் பேசுவது? காப்பி கொடுத்து அனுப்பினேன்.

செசீலி தனியாக வந்தாள். அழவில்லை. நம் வீட்டுச் சுவரில் சாய்த்திருந்த உன் குட்டிச் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல ஒரு ஆளுக்குத்தான் இடம் மாமா. நான் எங்க உக்கார்றது?" என்றாள். வேடிக்கைக்குச் சொல்கிறாளோ என்று நான் சிரிக்கத் தயாரானேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். "வேணாம்னு சொல்லலை. நான் பக்கத்துல நடந்தா கூட வர்ற வேகத்துல போகட்டும். அவ்வளவுதான்" என்றாள். உனக்கும் எனக்கும் தெரியாத ஒற்றைச் சக்கர சாஸ்திரம் முழுவதையும் அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் வைத்தியரையும் பந்தயக்காரர்களையும் தேடி அலைந்து மேலே எழுதியதெல்லாம் அதற்கு உரைதான்.

நீ ஓட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் கேட்கமாட்டாய் என்பது ஒரு காரணம். நீ குட்டிச் சக்கரத்தில் வட்டம் போடுவதைப் பார்க்க எனக்கும் பிடிக்கும் என்பது இன்னொன்று. ஓட்டு. ஆனால் நீ ஓடிப் பிடிக்க முடியாத வேகத்தில் ஓட்டாதே. அதற்குச் சோதனை சுலபம், பக்கத்தில் லேயோனை ஓடச் சொல், அவன் மூச்சு வாங்கினால் நீ மெதுவாக்கு. அவனுக்கும் புத்தி வரும். மழை பெய்த மறுநாள் புளியமரத் தெரு வேண்டாம். இறக்கத்தில் இறங்கிக் கையில் பிடித்துக்கொண்டு நட; சக்கரத்துக்கு அவமானம் ஒன்றும் இல்லை. செருப்புத் தைப்பவரிடம் சொல்லி மணிக்கட்டுக்குத் தடித்த தோல் பட்டை தைத்துக்கொள், மூட்டை தூக்குகிறவர்கள் கட்டிக்கொள்வது போல. தலையில் என் நெட்டித் தொப்பியைப் போட்டுக்கொள், வாரை மோவாய்க்குக் கீழே இறுக்கிக் கட்டு. அழகாக இருக்காது, எனக்கே அழகாக இல்லை, உனக்கு எங்கே. அந்தப் பெரிய சக்கரத்தை மட்டும் ஆற்றில் போடு. லேயோன் அழுதால் அவனையும் கூடப் போடு, நீச்சல் தெரிந்தவன்தான்.

நீ ஒற்றைக் கையோடு பண்டிகையன்று இறங்குவேன் என்று சொன்னபோது, உன் கை என்ன ஆகும் என்று கேட்டார்களாம். "சைக்கிளுக்குத்தான் கைப்பிடி. இதுக்குக் கையே வேணாம்" என்றாயாம். அதை எனக்குச் சொன்னவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நல்ல வாக்கியம்தான், அந்துவான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வியாதி தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். இதுக்குக் கை எதற்கு என்று நான் சொல்கிறேன், கேள். நீ விழும்போது நீட்ட ஒரு கை வேண்டும். அந்தக் கையைத்தான் கட்டிவைத்திருக்கிறாய். அடுத்த தடவை நீட்டுவதற்கு உனக்கு முகம்தான் இருக்கிறது. அந்த முகத்தோடு நீ செசீலிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், சாமியார் கேட்கும்போது வாய் திறந்து சம்மதம் சொல்ல வேண்டும்.

பண்டிகையன்று நான் அந்தப் புளியமரத்தடியில் நிற்பேன். சவரம் செய்துகொள்ள எதுவும் மிச்சமில்லை, ஆகவே நாற்காலியில் உட்காரமாட்டேன். நீ மேலேயிருந்து வந்தாயானால் நான் மறுபடி தெருவின் நடுவில் இறங்குவேன். சத்தியமாக இறங்குவேன். அப்போது தாங் என்று யார் எந்த மொழியில் கத்தினாலும் எனக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். அதற்கு முன்னால், செசீலி நடக்கும் வேகத்தில், நம் வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டுப் போ. குழம்புப் பாத்திரத்தையும் எடுத்துவா. கழுவி எடுத்துவா.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, நியாயத்துக்காக ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறாள். சேர்க்காவிட்டால் அவளே பத்திரிகைக்கு எழுதுவாளாம். அன்று சவரத்துக்கு உட்காரும்போது என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, புளியமரத்து ஆணியில் பாயின் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தேன். சாயங்காலம் அவள்தான் போய் வாங்கிக்கொண்டு வந்தாள்.